நானும் இதுல ஒரு பங்குங்க

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் வேளாண்மை படித்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில் இரண்டு ஏக்கர் நிலம். என் கணவர் கோழித் தீவன மில் ஒன்றில் சூப்பர்வைசர். அவர் வேலைக்குப் போய்விடுவார், நிலத்தை மாமனாரும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் காலமான பிறகு நான் அதில் இறங்கினேன். செடிமுருங்கை போட்டு, இலையைப் பறித்து, பொடி செய்து விற்பது என் திட்டம். முருங்கையிலைப் பொடிக்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். பிரச்சினை காய வைப்பதில்தான். வெயிலில் போட்டால் இலை பழுத்துப் பழுப்பாகிவிடும். நிழலில் போட்டால் நாலைந்து நாள் ஆகும், நடுவில் ஒரு தூறல் விழுந்தால் பூசணம் பிடித்துவிடும். வீட்டுக் கூடத்தில் கட்டில் கட்டிலாகப் பரப்பி வைத்து, படுக்க இடமில்லாமல் நாங்கள் வாசலில் படுத்திருக்கிறோம். அப்படியும் சேலத்துக் கடைக்காரர் ஒருவர், நிறம் சரியில்லை என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இதற்கு ஒரே வழி சோலார் டிரையர். வளைந்த இரும்புக் குழாய்கள் நட்டு, மேலே ஒளி புகும் ஷீட் போட்டு, உள்ளே தட்டுத் தட்டாக இலையைப் பரப்பினால் ஒரே நாளில் பச்சை மாறாமல் காய்ந்துவிடும். வங்கிக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நிலம் இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழ், பாகப் பிரிவினை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இது இந்த வருடத்தில் நடக்கிற காரியமில்லை என்று புரிந்துவிட்டது.

அப்போதுதான் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி கிரவுட் ஃபண்டிங் பற்றிச் சொன்னாள். இணையத்தில் அதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. நீ என்ன செய்யப் போகிறாய், எவ்வளவு தேவை என்று வீடியோ எடுத்துப் போடு. விருப்பமுள்ளவர்கள் நூறோ ஆயிரமோ அனுப்புவார்கள். பொடி தயாரானதும் அவரவர் கொடுத்ததற்கு ஏற்ப நீ பாக்கெட் அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் இலக்கை எட்டாவிட்டால் பணம் எல்லாருக்கும் திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம் என்றாள்.

வீட்டில் சொன்னபோது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"மொகந்தெரியாதவங்ககிட்டப் போயி கை நீட்டறது பிச்சை எடுக்கறதாட்ட இருக்குது சாமி. நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா என்ன பதில் சொல்லுவ?" என்றார்.

"பிச்சை இல்லீங்கத்தை. முன்னாடியே காசு வாங்கிட்டு அப்பறம் சரக்குக் குடுக்கறோம்" என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி என் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வீடியோவை என் கணவர்தான் கைப்பேசியில் எடுத்தார். முருங்கைச் செடிகளுக்கு நடுவில் நின்று நான் பேசினேன். நாலு தடவை உளறி ஐந்தாம் தடவை சரியாக வந்தது. முதல் மூன்று வாரம் சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் மட்டும்தான் கொடுத்தார்கள். பிறகு யாரோ அதை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர, மளமளவென்று வர ஆரம்பித்தது. வெளிநாட்டில் இருக்கிற நர்ஸ், லாரி டிரைவர், ஓய்வு பெற்ற வாத்தியார், கல்லூரிப் பெண்கள் என்று யார் யாரோ. பணத்தோடு இரண்டு வரி எழுதவும் எழுதினார்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே இலக்கை எட்டிவிட்டோம். இருநூறு பேருக்கு மேல். அன்றைக்கு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அழுதது நினைவிருக்கிறது. வைகாசி முடிவதற்குள் எல்லாருக்கும் பொடி வந்து சேரும் என்று உறுதி சொல்லி எழுதினேன்.

பங்குனியில் டிரையர் எழும்பியது. பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு முறை இலை காய வைத்தோம், இரண்டு முறையும் கிளிப்பச்சையாக வந்தது. போட்டோ எடுத்துப் போட்டேன். பாராட்டு குவிந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்தது. மழையைவிடக் காற்றுதான் மோசம். ஆலங்கட்டி ஓட்டில் விழுகிற சத்தத்துக்கு நடுவே படார் என்று ஒரு சத்தம் கேட்டது. மழை விட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், டிரையர் இருந்த இடத்தில் இல்லை. பாதிக் குழாய்கள் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. ஷீட்டெல்லாம் கிழிந்து, பக்கத்து மரவள்ளிக் காட்டில் விழுந்து கிடந்தது. தட்டுகள் திசைக்கொன்றாகக் கிடந்தன.

தப்பு என்னுடையதுதான். குழாய்களை ஒன்றரை அடிக்குத்தான் ஊன்றியிருந்தோம். கீழே கான்கிரீட் போடச் சொல்லி, டிரையர் அமைத்துக் கொடுத்த ஃபேப்ரிகேஷன்காரர் அப்போதே சொன்னார். அதற்கு வைத்திருந்த தொகையை எடுத்து, கலர் அச்சடித்த பவுச்சும் லேபிளும் வாங்கிவிட்டேன். பாக்கெட் பளிச்சென்று இருந்தால்தான் கொடுத்தவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பது என் கணக்கு.

அன்று இரவு என் கணவர், "சொல்லிரலாம். காத்து அடிச்சதுக்கு நாம என்ன பண்றது?" என்றார். காற்று மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லப் பயந்தேன். மறுநாள் ஒருவர், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதியிருந்தார். நான் பங்குனியில் எடுத்த பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, 'உலர்த்தும் வேலை ஜோராக நடக்கிறது' என்று எழுதினேன். கைதட்டுகிற பொம்மைகளும் இதயங்களும் வரிசையாக வந்தன. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆனாலும் அடுத்த வாரம் இன்னொரு பழைய போட்டோ. அதற்கடுத்து இன்னொன்று. எப்படியாவது யாருக்கும் தெரியாமல் திரும்ப எழுப்பிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுப்புவதற்குக் கையில் எதுவும் இல்லை. இப்படியே ஐந்து வாரம் ஓடி, நான் சொன்ன வைகாசியும் முடிந்துவிட்டது.

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. நான் தோட்டத்தில் கிழிந்த ஷீட்டில் நல்லதாக இருந்த துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், கையில் ஒரு தாளில் கட்டிய பூவன் பழம்.

"ஏனுங்க, முருங்கத்தழைப் பவுடரு போடற டிரையரு இங்கதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"நானும் இதுல ஒரு பங்குங்க" என்று சிரித்தார். "ரிக் வண்டியில வேலை பாக்கறனுங்க. சத்தீஸ்கர்ல குழி போட்டுட்டு இருக்கறப்போ போன்ல உங்க வீடியோ பார்த்தனுங்க. நம்மூருப் பக்கமாச்சேன்னு கொஞ்சம் போட்டு உட்டன். அங்க மழை புடிச்சிருச்சு, வேலை நின்னு போச்சுங்க. மாமியார் ஊடு சேந்தமங்கலம் பக்கம். போற வழிதானேன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

எங்கள் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகள் வடமாநிலங்களுக்குப் போகும். மழைக்காலத்தில்தான் அந்த ஆட்கள் ஊர் திரும்புவார்கள். அப்படி வந்தவர், தான் பணம் போட்டதைப் பார்க்க ஆசையாக வந்திருக்கிறார்.

அவர் சாய்ந்து கிடந்த குழாய்களைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எதையோ தேடிப் பார்த்தார். மறுபடியும் குழாய்களைப் பார்த்தார்.

"முந்தாநேத்துப் போட்ட போட்டோவுல நல்லா நிக்குதுங்களே?"

"நேத்து அடிச்ச காத்துலங்க…" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நேத்து சாயங்காலம் ஒரே காத்துங்க."

அவர் கிட்டே போய்க் குனிந்து ஒரு குழாயைத் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை. கோவைக்கொடி ஒன்று அதைச் சுற்றிச் சுற்றிப் படர்ந்து, நுனியில் வெள்ளையாக ஒரு பூவும் விட்டிருந்தது.

"நேத்துங்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. கொடியை அறுக்காமல், ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோடை மழை, பழைய போட்டோ, கான்கிரீட்டுக்கு வைத்த காசில் பவுச் வாங்கியது, எதையும் விடவில்லை. அவர் கையில் கைப்பேசி அப்படியே இருந்தது. ஒரே ஒரு போட்டோ எடுத்து என் ஃபண்டிங் பக்கத்தில் போட்டால் போதும், நான் முடிந்தேன். எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கடப்பாரை இருக்குதுங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். குழாய் பிடுங்கிக்கொண்ட ஒரு குழியை ஆழமாகத் தோண்டிப் பார்த்தார்.

"ஒண்ணரை அடியில இது எப்பிடிங்க நிக்கும்? மூணடி போயி, அடியில பிளேட்டு வெச்சு வெல்டு பண்ணிக் காங்கிரீட்டு போடோணும். குறுக்குக் கம்பி வேற இல்லை. குழாயி நல்லாத்தான் இருக்குது, நிமித்திக்கலாம்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. என் மாமியார் மோர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்துவிட்டு, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"அக்கா, நாங்க ஒரு தோட்டத்துல குழி போட்டா அந்தக் குடும்பமே சுத்தி நின்னு பாத்துட்டு இருக்கும். கொழந்தைங்கல்லாம் நிக்கும். சில எடத்துல ஆயிரம் அடி போனாலும் தண்ணியில்லாம வெறும் மண்ணுப் புகையா வரும். அவங்க மூஞ்சியப் பாத்து, 'புகைதானுங்க, தண்ணியில்லீங்க'ன்னு சொல்றது இருக்குதே, அத்தனை கஷ்டமுங்க. ஆனாச் சொல்லித்தானுங்க ஆகோணும். தண்ணி வருதுன்னு சொல்லி மோட்டாரு எறக்க வெக்க முடியுங்களா?"

எனக்கு அறிவுரை சொல்கிற தொனியே இல்லை. தன் வேலையில் இருக்கிற கஷ்டத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அப்புறம் பைக்கை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழமை வாரனுங்க. கூட ரெண்டு பேரு கூட்டியாறன். வெல்டிங் செட்டு எங்ககிட்ட இருக்குது. சிமெண்டும் ஜல்லியும் மட்டும் வாங்கி வெய்ங்க. ஆடிக் காத்துக்கு முன்னாடி முடிச்சிரோணும்."

கொண்டு வந்த பழத்தை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். 'நான் உங்களிடம் பொய் சொன்னேன்' என்றுதான் ஆரம்பித்தேன். கோடை மழையில் விழுந்தது முதல் பவுச் வாங்கியது வரை எழுதினேன். பணம் திரும்ப வேண்டும் என்பவர்கள் தயங்காமல் கேட்கலாம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், கட்டாயம் கொடுத்துவிடுகிறேன் என்றும் எழுதினேன். கூடவே விழுந்து கிடந்த டிரையரின் போட்டோ. அனுப்பு என்கிற பட்டனை அழுத்த விரல் வரவில்லை. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கற. அனுப்பு சாமி" என்றார்.

முதலில் வந்த பதில், 'எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம்தான்.' அடுத்தவர் இன்னும் கடுமையாக எழுதியிருந்தார். அதை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. ஆனால் அவர் எழுதியதில் தப்பில்லை. மொத்தம் பதினோரு பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். தீபாவளிக்குள் அத்தனை பேருக்கும் கொடுத்து முடித்தோம்.

மற்றவர்கள் எழுதியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெளிநாட்டு நர்ஸ் எழுதியிருந்தார்: 'எனக்குப் பொடி மெதுவாக வரட்டும். டிரையர் நின்றதும் ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள். அன்றைக்கே எடுத்ததாக இருக்கட்டும்.' சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் நேரே போனில் கூப்பிட்டார். அவருடைய பசுமைக் குடிலும் ஒருமுறை இப்படித்தான் பறந்துபோனதாம். "ரெண்டு பக்கமும் காத்து வெளிய போறதுக்கு வழி விடும்மா. அடைச்சு வெச்சா அது தூக்கத்தான் செய்யும்" என்று அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். வாத்தியார் நான் எழுதியதில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டு, கடைசியில் 'காத்திருக்கிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ரிக் வண்டிக்காரர் வந்துவிட்டார். கூடவே ரிக்கில் வேலை செய்கிற இரண்டு பேர். அவர்கள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! ரிக்கின் கம்பத்தில் ஏறி இறங்கிப் பழகியவர்கள், வளைவுக் குழாய்மேல் சர்வ சாதாரணமாக நின்று வெல்டிங் வைத்தார்கள். என் கணவரும் நானும் குழி தோண்டி, கலவை போட்டுக் கொடுத்தோம். அன்றைக்கும் மறுநாளும் இரண்டு நாள் வேலை. புது ஷீட் வாங்க, அந்த மாத இலையைப் பச்சையாகவே கிடைத்த விலைக்குக் கொடுத்தோம்.

மாமியார் எங்கள் பக்கத்து 'அரிசியும் பருப்புஞ்சாதம்' செய்து நெய் ஊற்றிப் பரிமாறினார். "இன்னொரு கரண்டி போட்டுக்க சாமி" என்று மூன்று பேரையும் விடவே இல்லை. கிளம்பும்போது கூலியை ஒரு கவரில் போட்டு நீட்டினார். ரிக் வண்டிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, சொந்த ஷெட்டுல வேலை செய்யறதுக்கு யாராச்சும் கூலி வாங்குவாங்களா?"

கூட வந்த இருவரும் அதையே சொன்னார்கள். அவர்களில் ஒருவர் அங்கேயே கைப்பேசியை எடுத்து, நான் பணம் திரட்டிய தளம் எது என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பலத்த காற்றன்று நான் டிரையருக்குள் போய் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷீட் படபடத்தது. குழாய் அசையவில்லை. வெளியே வந்து ஒரு போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்பினேன்.

சொன்ன நாளுக்கு நாலு மாதம் பிந்தி, புரட்டாசியில் எல்லாருக்கும் பொடி அனுப்பினோம். ஒவ்வொரு பாக்கெட்டோடும் என் கையெழுத்தில் நாலு வரி வைத்தேன். ரிக் வண்டிக்காரருடைய பாக்கெட்டை அவருடைய வீட்டு முகவரிக்கு அனுப்பினேன். அதற்குள் அவர் மறுபடி வடக்கே போய்விட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி போன் செய்தார். பொடி நன்றாக இருக்கிறது, குழந்தைக்குத் தோசையில் கலந்து கொடுத்தேன் என்றார். பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒன்றுதான் என்னை உலுக்கிவிட்டது.

"நீங்க எழுதிப் போட்டீங்களே, அதைப் படிச்சுத்தானுங்க டிரையரு உழுந்து போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. அன்னைக்கிக் காலைல அவரு உங்க தோட்டத்துக்கு வந்துட்டுத்தான் எங்க அம்மா ஊட்டுக்கு வந்திருக்காரு. டிரையரு எப்படி இருக்குதுன்னு நாங்கல்லாம் கேட்டமுங்க. 'அவங்களே சொல்லுவாங்க, போன்ல பாத்துக்க'ன்னு மட்டும் சொன்னாருங்க. என்ன இந்த மனுசன் இப்படிப் பேசறாருன்னு எனக்குக் கோவமே வந்துருச்சு."

போனை வைத்துவிட்டு, அந்தப் புதன்கிழமை மத்தியானம் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

இன்றைக்கு டிரையர் இரண்டாகிவிட்டது. எங்கள் ஊரிலேயே நாலைந்து பேர் என்னிடம் இலை கொடுக்கிறார்கள். கிரவுட் ஃபண்டிங் பற்றி விசாரித்து இளவயது விவசாயிகள் சிலர் வருகிறார்கள். வீடியோ எப்படி எடுப்பது, எவ்வளவு கேட்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி எதுவென்று அவர்கள் கேட்டால், பணத்தையும் சொல்வதில்லை, வெல்டிங் வேலையையும் சொல்வதில்லை. என் பொய்யைக் கண்ணால் பார்த்துவிட்டும், கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல், அதை நானே எல்லாரிடமும் சொல்லும்வரை ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். அந்த அரை நாள் மௌனத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.